திரும்பிப் போவதற்கான அத்தாட்சி

ஊரில் அவரை விசாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். விசா வாங்கித் தருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கித் தருவதாவது, அவருக்கே இரண்டு முறை கிடைக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஒட்டுகிற படம் மட்டும்தான் எடுப்பார். கல்யாணம், பிறந்தநாள் என்று யாராவது வந்தால், "அதுக்கெல்லாம் சிரிக்கணும். நம்மகிட்ட சிரிப்பு கிடையாது" என்று படியிறக்கி அனுப்பிவிடுவார்.

படம் எடுக்கிறவர் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் இல்லையா? மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்குக் காது தெரிகிறதா, நெற்றியில் முடி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நேர்காணலுக்கும் தயார் செய்துவிடுவார். "எதுக்குப் போறேன்னு கேப்பாங்க. அது முக்கியமில்ல. எதுக்குத் திரும்பி வருவே, அதான் முக்கியம். சொந்த வீடு இருக்கா? சொல்லு. வயசான அப்பா அம்மா இருக்காங்களா? சொல்லு. இல்லையா? வேற யாரையாவது சொல்லு. இவன் திரும்பி வந்தே தீருவான்னு அவங்க நம்பணும். தாடையைக் கொஞ்சம் தூக்கு." அந்த இடத்தில் பட்டென்று படம் எடுத்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் இப்படித் தாடையைத் தூக்கி வெளிநாடு போனவர்கள்தான். அவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வரவில்லை என்பது வேறு கதை.

ஊருக்குத்தானே உபதேசம்? அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதே வேலை கிடைத்துப் போனாள். போன இடத்தில் நிரந்தரமாக இருக்கவும் அனுமதி வாங்கிவிட்டாள். அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் ஒரே பதில்: நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை. மனிதர் கொதித்துப்போனார். "என்னைப் பார்த்தா ஓடிப்போறவன் மாதிரியா இருக்கு?" என்று ஸ்டூலில் உட்கார்ந்தவர்களையெல்லாம் கேட்டார். படத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை.

"பார்க்க வர வேண்டாம், இருக்க வாங்க" என்று மனைவி ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் இவர், "இந்த சீசன் முடியட்டும்" என்பார். பாஸ்போர்ட் படத்துக்கு என்ன சீசன் என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டே இருக்கிற பெண்டாட்டியைவிடக் கேட்பதை நிறுத்திய பெண்டாட்டி ஆபத்து என்று இவருக்கு உறைக்கவில்லை. கடைசியாக ஒரு முயற்சி என்று அவளே கணவருக்குக் குடியேற்ற அனுமதி கேட்டு எழுதிப்போட்டாள். அது கிடைத்தும்விட்டது.

கிடைத்த கையோடு உலகத்துக்கே நோய் வந்தது. விமானம் நின்றது, எல்லை மூடியது, ஸ்டூடியோவின் ஷட்டரும் இறங்கியது. எங்கேயும் போக முடியாத காலத்தில் யார் வந்து பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பார்கள்? குடியேற்ற அனுமதி அந்த மாதக் கடைசியோடு காலாவதியாகும் நிலைமையில் ஒரே ஒரு விமானம் விட்டார்கள். அதில் இவருக்கு இடம் கிடைத்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மனைவி போனில் சொன்னாள். "இங்க இப்போ குடியேற வர்றவங்களை மட்டும்தான் விடறாங்க. பார்த்துட்டுப் போறேன்னு வர்றவங்களை அப்படியே திருப்பி அனுப்பறாங்க. கேட்டா, இங்கயே இருக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

"அதெல்லாம் வெளிய சொல்றது. உள்ளுக்குள்ள பார்க்கறது வேற" என்றார் இவர். "எத்தனை பேரை அனுப்பியிருக்கேன், எனக்குத் தெரியாதா? உனக்குக்கூட போன் பண்ணுவாங்க. பண்ணா, கண்டிப்பா திரும்பிப் போயிடுவார்னு சொல்லு."

போனிலேயே ஒத்திகையும் வைத்தார்.

"எப்படிச் சொல்லுவே? சொல்லு பார்ப்போம்."

"கண்டிப்பா திரும்பிப் போயிடுவார்" என்றாள் அவள்.

"அடடா! தத்ரூபமா இருக்கு. அப்படியே சொல்லு." அவளை மெச்சிக்கொண்டே போனை வைத்தார்.

அவர் பொய் சொல்லச் சொன்னதாக நினைக்க வேண்டாம். ஆறு மாதம் இருந்து பார்ப்போம், சரிப்படவில்லையென்றால் கடை இருக்கவே இருக்கிறது என்பதுதான் அவருடைய திட்டம். மனைவியிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாலு பேர் சொல்லலாம். அவர் அதற்கு முன்யோசனை என்று பெயர் வைத்திருந்தார்.

விமானம் இறங்கிய இடத்தில் கூடம் பெரிதாக இருந்தது, ஆள்தான் இல்லை. உட்காரக் கூடாத நாற்காலிகளில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் உட்காரக்கூடிய நாற்காலியே இல்லை. மழைக்கு மூடி வைத்த வண்டி மாதிரி மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் போர்த்திய ஒருத்தி இவர் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டி, காய்ச்சல் இல்லை என்று பார்த்துப் போகச் சொன்னாள். மற்றவர்கள் எல்லாம் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர் ஃபைலிலுள்ள காகிதங்களை மறுபடி ஒருமுறை அடுக்கிக்கொண்டிருந்ததால் கடைசி ஆளாகிப்போனார்.

கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் முகக்கவசம் போட்ட அதிகாரி ஒருவர் இருந்தார். இவர் பேசுவது அவருக்குப் புரியவில்லை, அவர் பேசுவது இவருக்குப் புரியவில்லை. அதிகாரி ஒரு போனை எடுத்து ஏதோ எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கண்ணாடியின் கீழிருந்த சந்து வழியாக இந்தப் பக்கம் தள்ளினார். ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றது எல்லாத்தையும் அதிகாரிகிட்ட சொல்லுவேன். அவர் சொல்றது எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லுவேன். நானா எதுவும் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, தமிழா! மகராசி, நீ நல்லா இருக்கணும். எந்த ஊரும்மா நீ?"

குரல் அதை அப்படியே அந்த மொழியில் சொன்னது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அவர் நல்லா இருக்கணும்னு சொன்னதுக்கு அதிகாரி நன்றி சொல்கிறார். அவருடைய ஊரை ஏன் கேட்கறீங்கன்னு கேட்கிறார்."

"அவரை இல்லம்மா, உன்னைக் கேட்டேன்."

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதிகாரி கேட்கிறார், இந்த நாட்டுக்கு எதுக்காக வந்திருக்கீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார்! தாடையைத் தூக்கினார். "என் வீட்டுக்காரியைப் பார்க்க. பார்த்துட்டுக் கண்டிப்பா திரும்பிப் போயிடுவேன். அதுக்கு எல்லா அத்தாட்சியும் இருக்கு" என்று ஃபைலைப் பிரித்தார். கேட்காமலே ஒவ்வொன்றாக நீட்டினார். திரும்பிப் போக டிக்கெட். ஸ்டூடியோ வாடகை ஒப்பந்தம், புதுப்பித்தது. கரண்ட் பில். ஸ்டூடியோவைப் பார்த்துக்கொள்கிற மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கையெழுத்துப் போட்ட கடிதம்: எங்கள் மாமா கட்டாயம் திரும்பி வருவார், அதற்கு நான் பொறுப்பு.

அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக யாரும் காகிதம் வைத்திருந்து அவர் பார்த்ததில்லையாம். குரல் அதையும் சொன்னது. விசாக்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

"அதிகாரி மேலும் சொல்கிறார். நோய்க் கட்டுப்பாட்டினால, இங்க குடியேற வர்றவங்களை மட்டும்தான் உள்ளே விடலாம். பார்த்துட்டுப் போக வர்றவங்களை வந்த விமானத்துலயே திருப்பி அனுப்பணும். நீங்க திரும்பிப் போவீங்கன்னு அவர் முழுசா நம்பறார். விமானம் இன்னும் வெளியதான் நிக்குது."

இரண்டு தடவை நம்பவில்லை என்று கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது தடவை நம்பிச் சாத்துகிறார்கள். இன்றைக்குத் திரும்பினால் இந்த அனுமதியும் போய்விடும். இனிமேல் அவள் எழுதிப்போடப் போவதில்லை. அது மட்டும் விசாக்காரருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"குடியேறத்தாம்மா! குடியேறத்தான் வந்திருக்கேன்! கடவுளே, சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேனே!"

குரல் மொழிபெயர்த்தது. "சூனியம் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களான்னு அதிகாரி கேட்கிறார். உணவுப் பொருள், செடி, விதை, எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லணுமாம்."

"ஒண்ணும் இல்லம்மா, என் வாய்தான்."

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பெட்டி நிறையப் புடவை, உள்பாவாடை, அவள் கேட்டிருந்த தைலம், அவளுக்குப் பிடித்த சோப்பு. இவருடையது என்று மூன்று சட்டை இருந்தது.

"குடியேற வந்தவருக்கு மூணு சட்டை போதுமான்னு அதிகாரி கேட்கிறார்."

"மிச்சத்தை அங்க பீரோல வச்சிருக்கேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. "அம்மா, அதை மட்டும் சொல்லாதே" என்றார். குரல் இரண்டையும் சொன்னது.

அதிகாரி இன்னொரு போனை எடுத்தார். மனைவியைக் கேட்டுவிடுவோம் என்றார். விசாக்காரருக்குப் போனில் வைத்த ஒத்திகை ஞாபகம் வந்தது. கண்ணாடியைத் தட்டி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்குள் மணி அடித்து, அவள் எடுத்துவிட்டாள். பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"அதிகாரி கேட்கிறார். உங்க கணவர் இங்க நிரந்தரமா இருக்க வந்திருக்காரா?" என்றது குரல்.

"கண்டிப்பா திரும்பிப் போயிடுவார்" என்றாள் அவள். ஒத்திகையில் சொன்ன அதே மாதிரி, ஒரு எழுத்து மாறாமல்.

"ஐயா! அது நான் சொல்லச் சொன்னது! நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்!" என்று விசாக்காரர் கத்தினார். குரல் அதை நிதானமாக மொழிபெயர்த்தது. அதிகாரி, உங்களைச் சொல்லச் சொன்னாரா என்று அவளைக் கேட்டார்.

"சொல்லச் சொன்னார். அதுக்காக நான் சொல்லல. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்" என்றாள். இயந்திரம் ஒன்று சுற்றி ஓய்ந்தது. "ஆறு மாசம் இருந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கார். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரித் துணி வந்து குவிஞ்சு கெடக்கு, நான் போகணும்." வைத்துவிட்டாள்.

"உங்க மனைவி சொல்றது உண்மையா?" என்றது குரல்.

யார் என்ன கேட்டாலும் விடை வைத்திருக்கிற மனிதர், ஊரையே தேர்வுக்குத் தயார் செய்தவர், ஃபைலை மூடினார். தத்ரூபமா இருக்கு என்று அன்றைக்கு மெச்சினோமே, அது நடிப்பே இல்லையே என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. பொய்யொன்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அதற்கும் அவரிடம் காகிதம் இல்லை.

"உண்மைதாம்மா" என்றார்.

முதல்முறையாகக் குரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு மொழிபெயர்த்தது.

"அங்க என் ஸ்டூல்ல எந்தக் கொம்பன் வந்து உட்கார்ந்தாலும் நான் சொல்ற பக்கம் தலையைத் திருப்புவான். இங்க நான் யாரு? எனக்கு என்ன தெரியும்? அவ சம்பாதிச்சு நான் தின்னுட்டு உட்கார்ந்திருக்கணுமேன்னு பயம். அந்தப் பயத்துலதான் கடையை விடாமப் பிடிச்சுட்டு இருந்தேன். இப்போ விட்டுடறேன். அவ இப்படிச் சொன்னப்புறம் எனக்கு எதுக்கு அந்தக் கடை? கொடுத்துடறேன். இங்கதான் இருக்கப்போறேன்."

"யார்கிட்ட, எப்போ கொடுப்பீங்கன்னு அதிகாரி கேட்கிறார்."

"இப்பவே." தன் போனை எடுத்து, விமான நிலையத்து இலவச இணைப்பைப் பிடித்து, மச்சானை அழைத்து அதையும் ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரியும் தடுக்கவில்லை. இவருக்குப் பின்னால் வரிசையில் ஆள் இருந்தால்தானே.

"மாப்ள, கடையைக் கொடுத்துடு. யார் கேட்டாலும் சரி. நான் திரும்பி வரல" என்றார்.

மச்சான் கேட்டான். "யார் மாமா உங்ககிட்ட சொன்னாங்க?"

"யார் என்ன சொன்னாங்க?"

"கடையைக் கொடுத்துட்டேன்னு."

குரல் மொழிபெயர்த்தது. எப்போது என்று அதிகாரி கேட்டார்.

"நீங்க கிளம்பின அன்னிக்கு சாயங்காலமே. மாஸ்க் விக்கறவர் ஒருத்தர் கேட்டார். கோவிச்சுக்காதீங்க மாமா. அந்தக் கடிதம் நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதினது. அக்கா அங்க இருக்கும்போது நீங்க எதுக்கு இங்க திரும்பி வரப்போறீங்க? அப்படித்தான் எனக்குப் பட்டுச்சு."

"படம் எடுக்கறப்போ பின்னாடி தொங்கவிடற என் வெள்ளைத் துணி?"

"அதையும் மாஸ்க்காத் தைச்சுட்டார் மாமா. நல்ல துணியாம்."

அதிகாரி மச்சானின் கடிதத்தை எடுத்து ஒருமுறை பார்த்தார், வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தார், இரண்டையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

"அதிகாரி சொல்கிறார். நீங்க திரும்பிப் போவீங்கன்னு நம்பறதுக்கு இப்போ போதிய காரணம் இல்லை. அதனால உள்ளே போகலாம். ரெண்டு வாரம் வீட்டுல தனி அறையில இருக்கணும். வாழ்த்துகள்."

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது. "அம்மா, ஒரு உதவி. நான் கடையை விடறேன்னு சொன்னது, அது போனது தெரியறதுக்கு முன்னாடி. நீதான் கேட்டே. என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன். அவ பாதியில வச்சுட்டா."

குரல் அதையும் மொழிபெயர்த்தது. அதிகாரி தோளைக் குலுக்கினார். "அதிகாரி கேட்காததை நான் யார்கிட்டயும் சொல்ல அனுமதி இல்லை. நல்லா இருங்க" என்றது. போன் நின்றுவிட்டது.

வாடகைக் காரில் அவருக்கும் ஓட்டுநருக்கும் நடுவே பிளாஸ்டிக் திரை கட்டியிருந்தது. மனைவி குடியிருந்தது நாலாவது மாடியில். கதவைத் திறந்து வைத்துவிட்டு, நடையின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டிருந்தாள். போனில் எப்போதும் அவள் நெற்றியோ மூக்கோதான் தெரியும். இப்போதுதான் முழுசாகப் பார்த்தார். இளைத்திருந்தாள். வகிட்டில் நரை ஓடியிருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கூடாது.

"கையைக் கழுவுங்க" என்றாள். அதுதான் முதல் வார்த்தை. பக்கத்து அறையைக் காட்டினாள். கட்டில், மேஜை, உள்ளேயே குளியலறை எல்லாம் இருந்தன. அலமாரியின் ஒரு பக்கத்தைக் காலி செய்து வைத்திருந்தாள். அவருடைய மூன்று சட்டைக்கு அது ரொம்பப் பெரிது.

சாயங்காலம் வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நடமாட்டம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினாள்.

"தம்பி போன் பண்ணான். கடை போயிடுச்சாமே."

"ஆமா."

"அது போனது தெரிஞ்சப்புறம் இங்கயே இருக்கேன்னு சொன்னீங்களா, இல்ல முன்னாடியே சொன்னீங்களா?"

"முன்னாடியே சொன்னேன். சத்தியமா."

"அவனும் அப்படித்தான் சொல்றான். நீங்க சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கறவன்தானே அவன்."

அவர் கதவருகே தரையில் உட்கார்ந்தார். "அங்க ஒரு அம்மா போன்ல மொழிபெயர்த்தாங்க. அவங்களுக்குத் தெரியும். ஊர் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

"வேற ஏதாவது இருக்கா? எதுக்கும் ஒரு காகிதம் வச்சிருப்பீங்களே."

"இதுக்கு ஒண்ணும் இல்ல. நான் சொல்றதுதான்."

அவள் காலடிச் சத்தம் கதவை விட்டு விலகியது. போய்விட்டாள் என்றுதான் நினைத்தார். நாற்காலியை இழுத்துக் கதவோரம் போடுகிற சத்தம் கேட்டது.

"அப்போ உண்மையாத்தான் இருக்கும்" என்றாள்.

அவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"அழறீங்களா?"

"இல்ல."

"அழாதீங்க. மூக்கு ஒழுகினா டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."